ஒன்பதாவது வட்டம்

பழனிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய சுகந்தி வீட்டுக்குப் போகவில்லை. திருச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்து நேரே தில்லைநகருக்கு வந்தாள். அங்கே ஒரு மாடியில் இருந்தது தடம் தேடல் மையம். காணாமல் போனவர்களைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற இடம். அவள் தள்ளிய வேகத்தில் கண்ணாடிக் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது.

“எங்கேம்மா எங்க வீட்டுக்காரர்? பழனி பஸ் ஸ்டாண்டுல காலையில நிப்பாருன்னு சொன்னியே. நின்னேன். பொழுது சாயுற வரைக்கும் நான்தான் நின்னேன். ஒரு கண்டக்டர் பாவப்பட்டு, ‘அக்கா, எந்த ஊருக்குப் போகணும், சொல்லுங்க, ஏத்தி விடுறேன்’னு கேக்குறான்.”

“உக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க.”

“தண்ணியெல்லாம் பழனியிலயே குடிச்சாச்சு. நீ வட்டத்தைக் காட்டு.”

ரெனிட்டா பெருமூச்சு விட்டபடி திரையைத் திருப்பினாள். கணக்கில் பட்டம் வாங்கிய பெண். முப்பது வயது ஆகவில்லை, அதற்குள் நெற்றியில் கோடு விழுந்துவிட்டது. காணாமல் போனவர்களின் குடும்பத்தோடு நாள் பூராவும் பேசினால் யாருக்குத்தான் விழாது?

திரையில் தமிழ்நாட்டு வரைபடம். நடுவில், திருச்சி இருக்கிற இடத்தில், சின்னதாக ஒரு வீடு. அதுதான் சுகந்தியின் வீடு. வீட்டைச் சுற்றி ஒரு பெரிய வட்டம், அதன் விளிம்பில் ஒரு சின்ன வட்டம், அதன் விளிம்பில் இன்னொன்று. இப்படியே எட்டு வட்டம். கடைசி வட்டத்தின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்த சிவப்புப் புள்ளிதான் அவள் புருஷன் குணசீலன்.

“எட்டும் பத்தலைன்னா ஒன்பதாவது போடணும். போட்டா போன வாரக் கணக்கு சரியா உக்காந்துடும்” என்றாள் ரெனிட்டா.

“போன வாரத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, ஊறுகாயா போட?”

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு, கோயில், சுங்கச்சாவடி என்று எங்கே பார்த்தாலும் அரசாங்கக் கேமரா. அதில் பதிகிற முகங்களில் காணாமல் போனவர் முகம் இருந்தால், பதிவு செய்த குடும்பத்துக்குத் தகவல் வரும். ஆனால் சுடச்சுட வராது. ஒரு வாரம் ஆறவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே போன வாரம் அந்த ஆள் எங்கே இருந்தார் என்பது நன்றாகத் தெரியும், இன்றைக்கு எங்கே என்பது தெரியாது. அதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் ரெனிட்டாவின் வேலை.

குணசீலன் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஓடிப்போனான் என்று சொன்னால் சுகந்தி சண்டைக்கு வருவாள். அவளே துரத்தினாள், அதுதான் உண்மை. அவளுக்கு ஒரே தம்பி, தினேஷ். தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். மச்சானும் மச்சினனும் ஒரு லோடு வண்டியில் மதுரைக்குப் போய்த் திரும்பி வரும்போது, விராலிமலையைத் தாண்டி, குணசீலன் ஒரு நொடி கண் அயர்ந்துவிட்டான். தினேஷ் போய்ச் சேர்ந்தான். குணசீலனுக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். குணசீலன் சுவரோரமாக வந்து நின்றான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ‘ங்க’ போடாமல் அவனிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்கு அத்தனை சனத்துக்கு நடுவில் கத்தினாள்: “என் கண்ணு முன்னாடி நிக்காத. போயிடு. இனிமே என் கண்ணுல படாத!”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். காற்று வாங்கப் போகிறான் என்று நினைத்தாள். மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துக் காடமர்த்திய பிறகும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. கோபம் என்னவோ ஒரு மாசத்தில் வடிந்துவிட்டது. சொன்ன சொல் மட்டும் வடியவில்லை. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அவன் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்காகத்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் டிபன் கடையை வாரத்தில் பாதி நாள் வேலையாட்களிடம் விட்டுவிட்டு, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா. சமயபுரம் வரைக்கும் வர்றாருங்குற. வீட்டுக்கு வர்றதுக்குத்தானே அவ்வளவு தூரம் வர்றாரு? அப்புறம் ஏன் திரும்பிப் போறாரு? ஒரு தடவ ரெண்டு தடவையா? வர்றாரு, நிக்கிறாரு, திரும்புறாரு. வர்றாரு, நிக்கிறாரு, திரும்புறாரு. வயித்தெரிச்சலா இருக்கு.”

“அதுக்குத்தான் அக்கா இந்தச் சின்ன வட்டமே. இது எங்க கம்பெனி கண்டுபிடிச்சது இல்ல. கிரேக்கர்கள் போட்ட கணக்கு.”

“அவங்க யாரைத் தொலைச்சாங்க?”

ரெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கிரகத்தை. கிரகத்துக்கு அவங்க வெச்ச பேருக்கே அலையுறவன்னு அர்த்தம். வானத்துல மத்த நட்சத்திரமெல்லாம் வரிசை கலையாம போகுது. அஞ்சே அஞ்சு மட்டும் அடங்காம ஊர் சுத்துது. செவ்வாயைப் பாத்தீங்கன்னா, நேரா போய்க்கிட்டே இருக்கும். திடீர்னு நிக்கும். வந்த வழியே திரும்பி நடக்கும். அப்புறம் மறுபடியும் நேரா போகும்.”

“வக்ரம்னு ஜோசியர் சொல்வாரே.”

“அதேதான். அவங்களுக்கு ஒரு பிடிவாதம். வானத்துல இருக்கிறது எதுவும் தறிகெட்டு ஓடாது, வட்டத்துலதான் போகும், ஒரே சீரா போகும். பூமி நடுவுல அசையாம இருக்கும். இதை விட்டுக் குடுக்கவே மாட்டாங்க. அப்புறம் அந்தத் திரும்புற நடைக்குக் காரணம் சொல்லணுமே? பெரிய வட்டத்து ஓரத்துல ஒரு சின்ன வட்டத்தை வெச்சாங்க. பொருட்காட்சியில கப்புல உக்கார வெச்சுச் சுத்துற ராட்டினம் இருக்குல்ல? தட்டு ஒரு பக்கம் சுத்தும், கப்பு தனியா சுத்தும். வெளிய நின்னு பாத்தா, கப்புல இருக்கிறவன் முன்னாடி போவான், கொஞ்சம் பின்னாடி வருவான், மறுபடி முன்னாடி போவான்.”

“சரி.”

“எங்கேயாவது கணக்கு தப்புச்சுன்னா இன்னொரு வட்டம். அதுவும் தப்புச்சா, நடுவுலேர்ந்து கொஞ்சம் தள்ளி ஒரு வெறும் புள்ளியை வெச்சு, அங்கேர்ந்து பாத்தா சீரா ஓடுதுன்னு சொல்வாங்க. தாலமின்னு ஒருத்தர் இதையெல்லாம் சேத்துக் கட்டினார். ஆயிரத்து நானூறு வருஷம் அந்தக் கணக்குதான் ஓடுச்சு. கண்ணுக்குத் தெரியுறதைச் சரியா சொல்லிடும். ஏன்னு கேட்டா மட்டும் பதில் இருக்காது.”

சுகந்தி திரையையே பார்த்தாள். “ஏன்னு தெரியாம எப்படிம்மா ஆளைப் புடிக்கிறது? போடு, ஒன்பதாவதையும் போடு. அடுத்து எங்க?”

ரெனிட்டா தட்டினாள். சிவப்புப் புள்ளி நெளிந்து வளைந்து போய் நின்றது. “வெள்ளிக்கிழமை. தஞ்சாவூர். பழைய பஸ் ஸ்டாண்டு.”

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே சுகந்தி தஞ்சாவூரில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை விடாமல் போட்டோவைக் காட்டினாள். பெரிய கோயில் வாசல், கீழவாசல் மார்க்கெட், மெடிக்கல் காலேஜ் வரைக்கும் போனாள். முதுகைப் பார்த்து ஓடிப்போய் ஒருவரைத் தொட்டுத் திருப்பிவிட்டாள். அது ஒரு வாத்தியார், பாவம், பயந்துபோனார். மத்தியானம் ஒரு ஓட்டலில் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு வந்து, இலையைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அவன் வெளியே கடந்து போய்விட்டால்?

அடுத்த வாரம் தகவல் ஆறி வந்தது. வெள்ளிக்கிழமை பூராவும் குணசீலன் வல்லத்தில் இருந்திருக்கிறான். தஞ்சாவூருக்கும் வல்லத்துக்கும் பதினைந்து கிலோமீட்டர்கூடத் தேறாது. சுகந்தி மையத்து மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பேனா ஸ்டாண்டு உருண்டு கீழே விழுந்தது.

“இது கணக்கா, கண்ணாமூச்சியா? நான் பழனிக்குப் போனா அவர் சத்திரப்பட்டியில. நான் வேளாங்கண்ணிக்குப் போனா அவர் நாகப்பட்டினத்துல. நான் தஞ்சாவூருக்குப் போனா வல்லத்துல. மூணு வருஷமா கூப்பிடு தூரத்துல விட்டுட்டு விட்டுட்டு வர்றேன். உன் கணக்குல தீயை வைக்க!”

ரெனிட்டா பேனாக்களைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். வைதது அவள் காதிலேயே விழவில்லை. சுகந்தி சொன்ன ஊர்களை மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்தாள். மூன்று தடவையும் இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் கிட்டத்தட்ட ஒன்று; திருச்சிக்கும் சமயபுரத்துக்கும்கூட அவ்வளவுதான்.

“அக்கா, நீங்க போன ஊரெல்லாம் நாள் வாரியா ஞாபகம் இருக்கா?”

“எனக்கெதுக்கு ஞாபகம்? என் போனைக் கேளு. போற இடமெல்லாம் கூடத்தானே வருது.”

போனில் பதிந்திருந்ததைக் கணினியில் ஏற்றிக்கொண்டு, “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டாள். மேனேஜரிடம் அனுமதி கேட்டபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நடுவுல வீட்டைத்தாம்மா வைக்கணும். அரசாங்கம் ஒத்துக்கிட்ட முறை அது. வீட்டை எடுத்துட்டு வேற எதை வைப்பே? குடும்பத்துக்காரங்க சும்மா விடுவாங்களா? எல்லாருக்கும் தன் வீடுதான் நடு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் டீ குடித்துத் திரும்புவதற்குள் ரெனிட்டா வீட்டை எடுத்துவிட்டாள்.

மறுநாள் சுகந்தி வந்தபோது ரெனிட்டா கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, “இன்னைக்கு உக்காந்துதான் ஆகணும்” என்றாள். குரலில் இருந்த ஏதோ ஒன்று சுகந்தியை உட்கார வைத்தது.

“அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் அக்கா. தாலமிக்கு நானூறு வருஷத்துக்கு முன்னாடியே, சேமோஸ் தீவுல அரிஸ்டார்க்கஸ்னு ஒருத்தர் இருந்தார். அவர் சொன்னார், சூரியன் ஓடலை, நம்மதான் ஓடுறோம்னு. நம்ம பஸ் பக்கத்து பஸ்ஸை முந்துறப்போ அந்த பஸ் பின்னாடி போற மாதிரி தெரியுமே? செவ்வாய் திரும்பி நடக்குறதும் அவ்வளவுதான். அது திரும்பவே இல்ல. நம்ம ஓட்டம் அது தலையில விழுந்துடுச்சு.”

“அப்புறம் ஏன் அத்தனை வருஷம் வட்டம் போட்டாங்க?”

“அவரை யாரும் நம்பலை. நிக்கிற தரை ஓடுதுன்னு சொன்னா யாரு நம்புவா? நானும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்கேன். உங்களை வீட்டுலயே உக்கார வெச்சுக் கணக்குப் போட்டேன். நீங்க என்னைக்கு அக்கா வீட்டுல உக்காந்தீங்க?”

திரையைத் திருப்பினாள். வரைபடத்தில் இப்போது வீடு இல்லை. ஒரு பச்சைப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. திருச்சி, பழனி, திருச்சி, வேளாங்கண்ணி, திருச்சி, தஞ்சாவூர். அதைச் சுற்றி ஒரே ஒரு வட்டம். அந்த வட்டத்தின் ஓரத்திலேயே சிவப்புப் புள்ளி, பச்சை எங்கே போனாலும் கூடவே போய்க்கொண்டிருந்தது.

“ஒன்பது வட்டமும் போச்சு. ஒண்ணு போதும்” என்றாள் ரெனிட்டா. “அவர் சமயபுரத்துலேர்ந்து திரும்பிப் போகலை அக்கா. நீங்க அவரைத் தேடி வேற ஊருக்குக் கிளம்புறீங்க, அவர் உங்க பின்னாடி கிளம்புறார். மூணு வருஷத்துல ஒரு நாள்கூட உங்களை விட்டு அந்தத் தூரத்துக்கு மேல போகலை. ஒரு நாள்கூட அதுக்குள்ள வரவும் இல்லை.”

சுகந்தி இரண்டு புள்ளியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. “ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு காடெல்லாம் தேடின கதையால்ல இருக்கு” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நான் எங்க இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“நாமதான் சொல்றோம்.”

“என்னது?”

ரெனிட்டா தயங்கினாள். “பதிவு பண்றப்போ சம்மதம்னு ஒண்ணு அமுக்கினீங்களே. யாராவது ஒருத்தரைத் தேடினா, தேடுறவங்க போனை வெச்சு அவங்க எங்க இருக்காங்கன்னு தேடப்படுறவருக்கு உடனுக்குடன் மெசேஜ் போகும். அதுக்கு ஆறவிடுறதெல்லாம் கிடையாது. ‘தேடுபவர் சுகந்தி, மனைவி, இருக்கும் இடம் பழனி’ன்னு. எங்களுக்கு அது பழகிப்போன சமாச்சாரம். கணக்குல சேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை.”

சுகந்திக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. என் கண்ணுல படாத. கண்ணில் படாமல் இருக்க எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறான். அதற்கு மேல் ஒரு அடிகூடப் போகவில்லை. பாவி மனுஷன், வாயில் வந்ததைச் சொன்னால் அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்வானா? உப்பு கம்மி என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதவனுக்கு இந்த ஒரு சொல் மட்டும் எப்படிக் கேட்டது? அவளுக்கு அவனை நாலு சாத்து சாத்த வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது.

எழுந்துவிட்டாள். “போனை இங்கேயே வெச்சுட்டுப் போறேன். நான் கடையில இருக்கேன்னு அவர் நினைச்சுக்கட்டும். நேரா சமயபுரம் போய்க் கையைப் புடிச்சுடுறேன்.”

“கூடாதுக்கா.”

“ஏன் கூடாது? ஜெயில்ல போடுவாங்களா? போடட்டும்.”

“அதுக்காக இல்ல.” ரெனிட்டா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். “எங்கம்மா என்னைத் தூக்கிக்கிட்டு எங்கப்பா கிட்டேர்ந்து ஓடி வந்தவங்க. அடி தாங்க முடியாம. நாலு ஊரு மாறினோம். அவர் கிட்ட வர்றப்போ எல்லாம் இந்த மெசேஜ்தான் வந்துச்சு. அதனாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன். ஒருத்தர் போனை வெச்சுட்டுப் போனா, நாளைக்கு எல்லாரும் வெச்சுட்டுப் போவாங்க.”

“நான் என்ன அவரை அடிக்கவா போறேன்? ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதானே.”

“எங்கப்பாவும் எல்லார்கிட்டயும் அதான் சொன்னார்.”

சுகந்தி கதவுப் பக்கம் திரும்பினாள். இந்தப் பெண் தன்னை அந்த ஆளோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று முதலில் சுருக்கென்றது. பிறகு, போகச் சொன்னதும் தான், துரத்திப் பிடிக்கப் போவதும் தான் என்றால், நடுவில் அந்த மனுஷனுக்கென்று என்ன இருக்கிறது என்று தோன்றியது. மறுபடி உட்கார்ந்தாள்.

“அப்போ என்னதான் பண்றது? நான் போனா அவர் நகருவார். நான் நின்னா அவர் நிப்பார். சாகுற வரைக்கும் இப்படியேவா?”

“தேடுறதை ரத்து பண்ணலாம்.”

“பண்ணா?”

“அவருக்கு மெசேஜ் நின்னுடும். நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியாது. அவர் எங்க இருக்கார்னு நமக்கும் தெரியாது. நடுவுல இருக்கிறது இல்லாமப் போனா, சுத்துறது சுத்திக்கிட்டே இருக்காது அக்கா. நேரா எங்கேயாவது போயிடும்.”

“எங்கேயாவதுன்னா?”

“டெல்லிக்குப் போகலாம். வீட்டுக்கும் வரலாம். இன்னொண்ணும் இருக்கு.” ரெனிட்டா விரல்களை நெறித்தாள். “மெசேஜ் ரெண்டு காரணத்துக்குத்தான் நிக்கும். தேடுறவங்க ரத்து பண்ணியிருக்கணும், இல்ல இறந்து போயிருக்கணும். எதுன்னு அதுல வராது.”

“நான் செத்துட்டேன்னு நினைப்பாரா?”

“நினைக்கலாம்.”

“நினைச்சா ஓடி வருவாரா, ஓடிப் போவாரா?”

“அது என் கணக்குல வராதுக்கா.”

சுகந்தி போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். ஜன்னல் பக்கம் போனாள். கீழே சாலையில் பள்ளிக்கூட வேன்கள் நெரிசலில் மாட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இந்த மூன்று வருஷமும் அவளைக் காப்பாற்றியது இந்த அலைச்சல்தான். விடிந்தால் ஒரு ஊர், ஒரு பஸ், ஒரு போட்டோ. இதை விட்டுவிட்டால் அந்தக் கூடமும், கிடத்தியிருந்த தம்பியும், சுவரோரம் நின்றவனும்தான் மிச்சம். ரத்து செய்து அவன் போயே போய்விட்டான் என்றால், இரண்டாவது தடவையும் துரத்தியவள் அவள்தான்.

திரும்பி வந்து, யோசித்தால் மனசு மாறிவிடும் என்கிற பயத்திலேயே, போனில் ரத்து என்பதை டக்கென்று அமுக்கிவிட்டாள். திரையில் பச்சைப் புள்ளி அணைந்தது. கூடவே சிவப்பும் அணைந்தது. ரெனிட்டா அவள் தோளில் கை வைத்தாள்.

அதன்பிறகு சுகந்தி கடையை விட்டு நகரவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்காரிக்கே ஆச்சரியம். “என்னக்கா, காலுல சக்கரம் கழண்டுடுச்சா?” என்று கேட்டாள். “ரிப்பேருக்கு விட்டிருக்கேன்டி” என்றாள் சுகந்தி. வெளியே பேச்சுதான் இப்படி. தோசை கருகியது. காபியில் ஒருமுறை உப்பைப் போட்டாள். ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் கழுத்து தானாகத் திரும்பியது. திருப்பூருக்கு ஒரு நடை, ராமேஸ்வரத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்தால் என்ன என்று கால் துடித்தது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூலின் கால்களைச் சுற்றித் தன் கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு வாரம் போனது. இன்னொன்றும் போனது. ரெனிட்டா சாப்பிட வருகிற சாக்கில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். “ஒண்ணும் இல்லையா?” என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் காலை டிபன் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. ரெனிட்டா ஓரத்து மேஜையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லாவின் மேல் கிடந்த போன் உறுமியது. சுகந்தி அசட்டையாக எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் போனை ரெனிட்டாவிடம் நீட்டினாள், தன் கண்ணையே நம்பாதவளாக.

“உங்களை ஒருவர் தேடுகிறார். தேடுபவர் குணசீலன், கணவர். இருக்கும் இடம் சமயபுரம். நீங்கள் விலகிச் செல்ல விரும்பினால் உங்களுக்கு உதவி உண்டு.”

“பதிவு பண்ணியிருக்கார்!” ரெனிட்டாவுக்குக் கையில் பொங்கலோடு எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. “ஏதோ மையத்துக்குப் போய், உங்களைத் தேடுறேன்னு பதிவு பண்ணியிருக்கார் அக்கா!”

“இப்ப நான் எங்கேன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஒரு வாரம் ஆகும். அவர் எங்கேன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

சுகந்தி ஸ்டூலிலிருந்து எழுந்து, செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். ஆட்டோவில் போனால் அரைமணி நேரம். நுழைத்த காலை மறுபடி வெளியே எடுத்தாள். போன் இன்னொருமுறை உறுமியது. நம்பர் ஒன் டோல்கேட். பிறகு திருவானைக்காவல். அந்த வட்டத்துக்குள்ளே மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் குணசீலன் வந்துகொண்டிருந்தான். காவிரிப் பாலம்.

சத்திரம் பேருந்து நிலையம்.

அதோடு நின்றுவிட்டது. சுகந்தி வாசலில் நின்று பார்த்தாள். பஸ்கள், பூக்கூடைகள், காலேஜ் பிள்ளைகள், நூறு தலைகள். அவன் எங்கேயோ ஒரு தூணுக்குப் பின்னால், ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறான். அவள் உயிரோடு இருப்பதைப் பார்த்தும்கூட இருப்பான். போன் அசையவில்லை. பார்த்தாயிற்று என்று அவன் இனி அப்படியே திரும்பியும் போய்விடலாம்.

“போய்க் கூப்பிடுங்க அக்கா” என்றாள் ரெனிட்டா.

“வேண்டாம். நான் ஒரு எட்டு வெச்சா அந்த மனுஷன் ரெண்டு எட்டு பின்னாடி வைப்பார். எனக்குத் தெரியாதா அவரை?”

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில், படிக்கு வெளியே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டாள். அதில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அக்கா, ரெண்டு வடை!” என்றான் யாரோ. “கண்ணை மூடிக்கிட்டு என்னக்கா பண்றீங்க, தியானமா?”

“உள்ள போய் நீயே எடுத்துக்க. இப்ப நான் கண்ணைத் தொறக்க மாட்டேன்.”

சனங்கள் சிரித்தார்கள். பஸ்ஸின் ஏர் பிரேக் சீறியது. கரூர், கரூர் என்று ஒரு குரல் கத்திக்கொண்டு போனது. மூடிய இமைக்குள்ளே வெயில் சிவப்பாகத் தெரிந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பு பூராவும் பறந்தது. அவள் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்தில் மரப்பெஞ்சு கிறீச்சென்றது. உட்கார்ந்தவர் எதுவும் கேட்கவில்லை. இட்லியா தோசையா என்று கடை ஆட்களும் கேட்கவில்லை. கடையே ஏனோ பேச்சை நிறுத்தியிருந்தது.

“அன்னைக்குச் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கிட்டேன்” என்றாள் சுகந்தி, எதிரில் இருந்த வெயிலைப் பார்த்துச் சொல்வதுபோல. “தம்பி போனதுக்கு நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க? கேட்டுச்சா? வாங்கிக்கிட்டேன்.”

மூச்சு மட்டும் கேட்டது.

“கண்ணைத் தொறக்கவா?”

“கொஞ்சம் இரு சுகந்தி” என்றது அந்தக் குரல். “மூஞ்சியைத் துடைச்சுக்கறேன்.”